தட்டிப் பார்க்க வந்தவர்

வோலோஸ் துறைமுகத்தில் அந்தக் குளிர்காலம்
கடல் மணக்கவில்லை.
ஹீட்டர் எண்ணெய்க்கு வரி ஏறியதும்
ஊர் தன் பழைய கதவுகளை எரிக்கத் தொடங்கியிருந்தது.
வார்னிஷ் கருகும் வாடை
தலையணையில் இருந்தது, ரொட்டியிலும் இருந்தது.

சூரிக்கிலிருந்து ரேத்தோ கடூஃப் வந்தார்.
ஒரு தோள்பை, இரண்டு பேனா.
எனக்கு நாளுக்கு எண்பது யூரோ,
அவர் பேச்சை எங்களவரிடமும்
எங்களவர் பேச்சை அவரிடமும் கொண்டு சேர்க்க.

போன மாதம் லிஸ்பன், அதற்கு முன் டப்ளின்.
சந்தை எங்கே விழுந்ததோ அங்கே போவாராம்,
மழை விட்ட இடத்தில் காளான் தேடுகிறவர் போல.
காரில் கேட்டுவிட்டேன்:
எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபமா?
அவர் கோபிக்கவில்லை.
"எரியும்போது வருகிறவர்கள் வேறு ஆட்கள்.
நான் அடங்கிய பிறகு வருகிறேன்,
எந்தச் சுவர் நிற்கிறது என்று தட்டிப் பார்க்க."

தகர டப்பா ஆலை.
தக்காளிக்கு, ஆலிவ் எண்ணெய்க்கு, நெத்திலிக்கு.
உண்மையாகவே தட்டினார் மனிதர்.
காலி டப்பா ஒன்றை நகத்தால் சுண்டி
காதோரம் வைத்துக்கொண்டார்.
கிடங்கில் அட்டைப்பெட்டி மேலிருந்த தூசியை
விரலால் தொட்டு, எத்தனை நாள் சரக்கு என்று கணித்தார்.
லாரிக்காரரிடம் கேட்கச் சொன்னார், கூலி தேதிக்கு வருகிறதா?
வருகிறது.
கழிப்பறைக்குப் போய் வந்து, சோப்பு இருக்கிறது என்று
நோட்டில் எழுதிக்கொண்டார்.

கணக்காளர் ஸ்டமாத்தியா
கோட்டைக் கழற்றாமலே பேரேட்டைத் திறந்தாள்.
கடன் இல்லை.
சரக்கில் பாதி கப்பலேறி ஹாம்பர்க் போகிறது.
வங்கியில் ரொக்கம், பங்கு ஒன்றுக்கு
ஒரு யூரோ பத்து சென்ட்.
பங்கின் விலை அறுபத்தொரு சென்ட்.
இரண்டு எண்ணுக்கும் அடியில் அவர் போட்ட கோடு
தாளைக் கிழித்தது.

பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.
மலிவு.
எங்கள் மொழியில் அதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு சொல்.
ஒன்று சந்தையில் தக்காளிக்கு,
இன்னொன்று மட்டமான ஆளுக்கு.
விலை இறங்கியும் தரம் இறங்காத ஒன்றைச் சொல்ல
மூன்றாவது வேண்டியிருந்தது.
தேடினேன், கிடைக்கவில்லை.
முதலாவதைத்தான் சொன்னேன்.
ஸ்டமாத்தியா காதில் விழுந்தது இரண்டாவது.
பேரேட்டைச் சத்தமில்லாமல் மூடினாள்.

மூன்று நாள், விடுதி வரவேற்பறையில் உட்கார்ந்தபடி வாங்கினார்.
விலை ஏறவேயில்லை.
"யாரோ விற்றுக்கொண்டே இருக்கிறார்கள்.
சில்லறை சில்லறையாக. இருநூறு, நானூறு.
யார் இந்த மடையர்கள்?"

அதை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இல்லை.
அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

திராக்மா காலத்தில் ஊரே வாங்கிய பங்கு அது,
முடிவெட்டுகிறவர், பாதிரியார், பல் டாக்டர்.
என் கணவர் மோட்டார் சைக்கிளை விற்று வாங்கினார்.
முந்நூற்றைம்பது. செவ்வாய்க்கிழமை விற்றேன்.
இருநூற்றுப் பதின்மூன்றரை யூரோ.
தரகுபோக நூற்றைம்பது லிட்டர் எண்ணெய்.

"தெரியவில்லை" என்றேன்.
அவர் காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

பிற்பாடு மூன்று யூரோ வரை போனதாகக் கேள்வி.
ஸ்டமாத்தியாவுக்கு இன்னும் அங்கேதான் வேலை.
சரியாகத்தான் தட்டியிருக்கிறார்.
என் பங்கு அவர் கைக்குப் போனதா
வேறெவர் கைக்கா, அதற்கு ரசீது கிடையாது.

நான் நினைத்துக்கொள்வது அந்தச் செவ்வாய் இரவை.
எண்ணெய் வண்டி வந்துபோன பிறகு
என் மகள் பள்ளிச் சீருடையோடு
ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்து நின்றாள்.
குழாய்க்குள் சூடு ஏற ஏற
டொக், டொக் என்று ஒரு சத்தம்,
உள்ளிருந்து யாரோ
தகரத்தை நகத்தால் சுண்டிப் பார்ப்பது போல.